கரிச்சானும் முப்பிரிக் கயிறும்

அந்தக் காலத்தில், பறவையும் ஓணானும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏரிக்கரை முழுக்க நூல் ஓடியது. ஒரு நூலில் குரல் போகும். இக்கரை வேலமரத்தில் மெல்லச் சொன்னால் அக்கரை வேலமரத்தில் கேட்கும். இன்னொரு நூலில் படம் வரும். அதன் நுனியில் தொங்கும் பனித்துளிக்குள் மயில்கள் ஆடும், எங்கோ பெய்யும் மழை பெய்யும். மூன்றாவது சிலந்தியின் நூல். அதைத் தொட்டு எதைக் கேட்டாலும் பதில் உண்டு, பாதி பொய்யாக இருந்தாலும். மூடுபனி இறங்கிய காலைகளில் நூல்கள் எல்லாம் சேர்ந்து முனகும். அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டபடி கிடப்பது சுகமாக இருக்கும்.

மையாள் என்ற கரிச்சான் குரல் நூல் மட்டும் வைத்திருந்தாள். அவள் மகள் நீலி அக்கரையில் முதல்முறையாக முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் காகங்கள் அதிகம். காகம் வந்தால் கூப்பிடு, பறந்து வந்துவிடுகிறேன் என்று மையாள் சொல்லியிருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் நீலி கண்ணயர்ந்தாள்.

ஒரு நாள் பச்சோந்தி வந்தது. நூல் விற்பது அதன் தொழில். மையாளிடம் பேசும்போது கறுப்பாக இருந்தது. அவள் கணவன் சடையன் பக்கம் திரும்பியதும் மயில் நிறத்துக்கு மாறிவிட்டது. மூன்று நூலையும் ஒன்றாக முறுக்கிய கயிறு வந்திருக்கிறதாம். குரலுக்கு மட்டும் மாதம் ஆறு தும்பி கொடுக்கிறீர்களே, மூன்றுக்கும் சேர்த்து ஏழே தும்பிதான் என்றது.

அடுத்த மரத்து மைனா வீட்டுப் பனித்துளியை எட்டி எட்டிப் பார்த்தே சடையனுக்குக் கழுத்து சுளுக்கியிருந்தது. வாங்கிவிடலாம் என்றான். மையாள் தயங்கினாள். அப்போது கரிச்சானுக்கு வால் ஒரே பட்டையாக இருந்தது. பச்சோந்தி அதைப் பார்த்தபடியே சொன்னது:

"எட்டுப் பௌர்ணமிக்குக் கயிறு உங்க வாலோட கட்டியிருக்கும், அக்கா. இருக்கறதே தெரியாது. பழைய நூலை மட்டும் நீங்களே அறுத்துடுங்க."

ஆசை யாரை விட்டது? மையாள் தன் அலகாலேயே அந்த நூலை அறுத்தாள்.

கொஞ்ச நாள் எல்லாம் கனவு மாதிரிதான் போனது. பனித்துளியில் மயில் ஆடியது. சாயங்காலத்தில் நீலியின் குரல் பக்கத்துக் கிளையிலிருந்து வருவதுபோல வந்தது. பிறகு ஓர் அணில் கயிற்றில் பல்லை வைத்தது. மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டன.

பச்சோந்தியிடம் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி சடையனை அனுப்பினாள். ஆள் கிளம்பியாயிற்று, இன்றைக்கே வந்துவிடுவான் என்று பதில் வந்தது. யாரும் வரவில்லை. மறுநாள் வேறொரு நிறத்தில் இருந்துகொண்டு அதையே சொன்னதாம். சடையன் வெறும் பனித்துளியில் தன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏரி மேல் வெள்ளையாய்ப் பனி நின்றது. அந்த அமைதியில், சத்தமில்லை என்றால் நீலி சுகமாகத்தான் இருப்பாள் என்று மையாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் செத்த கயிற்றில் காதை வைத்து வைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் சிறகை விரித்தாள். கயிறு வாலைப் பிடித்து இழுத்தது. அவிழ்ப்பதற்கு இன்னும் ஏழு பௌர்ணமி இருந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். வால் நடுவே பிளந்து இரண்டாகப் பிரிந்தது. வலியைப் பார்க்காமல் அவள் ஏரியைக் கடந்தாள்.

மூன்று முட்டையில் ஒன்றுதான் மிச்சம். காகம் கிளையில் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதன் தலையில் கொத்திக் கொத்தி வானத்து எல்லைவரை துரத்திவிட்டு வந்தாள். அந்த ஒற்றை முட்டைமேல் உட்கார்ந்திருந்த நீலி எழுந்திருக்கவில்லை.

"மூணு நாளா கூப்பிட்டேம்மா. நீ கேட்டுக்கிட்டு இருக்கேன்னே நெனச்சேன்."

மையாள் அழுதாள்.

அன்று முதல்தான் கரிச்சானின் வால் பிளந்திருக்கிறது. எங்கே கம்பியைக் கண்டாலும் அதன்மேல் உட்கார்ந்து நாலு பக்கமும் அதுவே பார்க்கிறது; யார் கூட்டுப் பக்கம் காகம் வந்தாலும், கூப்பிடும்வரை காத்திருப்பதில்லை.