கடல்பேன் பதக்கம்

மீன்மேல் பேன் ஊர்ந்தால் அது கெட்ட மீன் என்பது உலகத்தாரின் முடிவு. இந்த முடிவு தவறு என்பதை மிகுந்த துயரத்துடன் அறிவிக்க வேண்டியிருக்கிறது. முதலாவதாக, கடல்பேன் பேனே அல்ல; இறாலுக்குத் தூரத்து உறவு. இரண்டாவதாக, ஆற்றுநீரில் அது ஒரு வாரம் தாங்கினால் அதிகம். ஆகவே கடலில் வளர்ந்து முட்டையிட ஆறேறும் சால்மன் மீனில் பேன் இருந்தால், அது இப்போதுதான் கடலைவிட்டு வந்த கொழுத்த, புத்தம்புது மீன். தூண்டில்காரர்களுக்கு இது தெரியும். மீன்களுக்குத்தான் தெரியாது.

குளிர்நாட்டு ஆறு ஒன்றின் முகத்துவாரத்துக்கு இரண்டு சால்மன்கள் வந்தன. வெள்ளிவாலியின் வயிறு நிறைய முட்டை. அதை மேல் ஆற்றுக் கூழாங்கற்களில் இட வேண்டும். மிடுக்கன் அதன் துணை.

"சீ, இந்தப் பேன்! ஒரே அரிப்பு!" என்றது மிடுக்கன்.

கரையில் நின்ற நாரை சிரித்தது. "உதறிவிடாதே தம்பி! பேனுள்ள மீனைக் கண்டால் தூண்டில்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கும்பிடுகிறார்கள்!"

"கேட்டாயா வெள்ளிவாலி? என் வாலில் ஒன்பது பதக்கம்!"

வெள்ளிவாலி மெல்லக் கேட்டது: "நாரையண்ணா, கும்பிட்ட பிறகு என்ன செய்வார்கள்?"

"புகையில் வாட்டித் தின்பார்கள். நல்ல மனிதர்கள். குடலை எனக்குத்தான் எறிவார்கள்."

"உனக்கு நாலே பேன். அதுதான் பொறாமை!" என்று சொல்லிவிட்டு மிடுக்கன் ஆற்றில் பாய்ந்தது. இரண்டாவது வளைவில் இரண்டு தூண்டில்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

வெள்ளிவாலி ஆற்றுக்குள் ஒரு பாறையின் பின்னே ஒதுங்கியது. மற்ற மீன்கள், "சோம்பேறி!" என்று கேலிசெய்து கடந்தன. பேன்கள் மன்றாடின: "அம்மணி, தண்ணீர் சப்பென்று இருக்கிறதே! கடலுக்குத் திரும்பலாமே!"

"நீங்கள் போங்கள். எனக்கு வேலை இருக்கிறது."

அது ஒரு வாய் தின்னவில்லை, அசையவில்லை. ஏழாம் நாள் கடைசிப் பேனும் உதிர்ந்தது. வெள்ளி மேனி பழுப்பேறியது. பிறகு புறப்பட்டது.

இரண்டாவது வளைவில் ஏதோ பளபளவென்று மூக்குக்கு முன்னால் ஆடியது. எரிச்சலில் வெள்ளிவாலி கடித்துவிட்டது. தூண்டில் முள்!

"பேன் இருக்கிறதா?" என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஒன்றுகூட இல்லை. மேனியும் மங்கிவிட்டது."

"பழைய மீன்! விட்டுவிடு, போய் முட்டையிடட்டும்!"

வெள்ளிவாலி வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி, மேல் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

பாராட்டு நெஞ்சிலிருந்து வருகிறதா, வயிற்றிலிருந்து வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்பவரே பிழைப்பார்.

அன்று தூண்டில்காரர்கள் வீட்டில் வெறும் உருளைக்கிழங்கு.