கொடிக்கு வந்த நரைமுடி

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது, கொடிக்கும் வாய் இருந்தது. அப்போது மேகம் தங்கிப் போகிற ஒரு மலையில் சடைச்சி என்றொரு பெண் தனியாகக் குடியிருந்தாள். தலை முழுக்க நரை. ஆனால் என்ன முடி அது! அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். அதைக் கோதிக்கொண்டு உட்காருவதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டுச் சுவரில் பதித்த பானைக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. அவளுக்குப் பேச்சுத்துணை என்றால் அவைதான்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் ராணித்தேனீ வெளியே வந்தது.

"அத்தை, பனிக்காலம் வந்தா இந்த மலையில மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க. நாங்க கீழ்நாட்டுக்குப் போறோம்."

சடைச்சி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். அந்த ரீங்காரம் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? "பொறுங்கடி, பூவை நான் கொண்டுவரேன்" என்று காட்டுக்கு ஓடினாள். அங்கே புதர் நிழலில், பனியில் பூக்கிற வெள்ளைப்பூக் கொடி ஒன்று படுத்துக் கிடந்தது.

"வரேன் அம்மா. ஆனா எனக்குத் தலையில வெயில் வேணும், காலுக்குக் குளிர்ச்சி வேணும். மறந்துடாதே" என்றது கொடி.

"அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வேரோடு எடுத்துவந்து வேலியோரம் நட்டாள். கொடிக்குக் கை ஏது? இலைக்காம்பையே வளைத்து வேலியைப் பற்றிக்கொண்டது.

சடைச்சி சும்மா இருக்கிற ஆளா? வாசலில் ஒரு துரும்பு கிடந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. கொடியின் அடியையும் வாசலைப் போலவே கூட்டினாள். சருகை அள்ளினாள், புல்லைப் பிடுங்கினாள், அங்கே கிடந்த தட்டைக்கல்லை உருட்டிப் பள்ளத்தில் தள்ளினாள். சாணியைக் கரைத்து மெழுகியும் விட்டாள். "அடடா, என்ன லட்சணம்!" என்று தானே மெச்சிக்கொண்டாள். வெயில் ஏறியது, மெழுகிய மண் கொதித்தது. கொஞ்ச நாளில் கொடி துவண்டு தொங்கிவிட்டது.

"கால் வேகுது அம்மா. அந்தக் கல்லைக் கொண்டா" என்று முனகியது.

சடைச்சி பள்ளத்தில் இறங்கிக் கல்லைக் கூப்பிட்டாள். கல்லுக்குக் கோபம்.

"வேண்டாம்னா உருட்டி விடுவே, வேணும்னா வந்து நிப்பியா? நல்லா இருக்கே உன் நியாயம்!"

"தப்புத்தான் சாமி. என்ன கேட்டாலும் தரேன்."

கல்லின் குரல் தணிந்தது. "பிறந்ததிலிருந்து நான் இந்த மலையைத் தாண்டினதில்லை. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு யாராவது பறந்து போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும். உன் தேனீயை அனுப்பாதே. அதுங்க பூவைத் தவிர வேறெதையும் பார்க்காதுங்க."

மேலேயிருந்து கொடி மெல்லச் சொன்னது: "என் விதை போகும். ஆனா அதுக்கு இறகு இல்லையே."

பானைக்குள் தேனீக்கள் புறப்படத் தயாராகிற இரைச்சல் கேட்டது. சடைச்சி ஒருமுறை தன் முடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு அரிவாளை எடுத்து அடியோடு அறுத்தாள். அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் அறுத்தாள். "இதை உன் விதைக்கு இறகா வச்சுக்கோ" என்று முடியைச் சுருட்டிக் கொடியின் வேரடியில் வைத்து, கல்லைத் தூக்கிவந்து அதன்மேல் படுக்க வைத்தாள்.

வேர் குளிர்ந்தது. பனி இறங்கியபோது வேலி முழுக்க வெள்ளையாகப் பூத்தது. "அத்தை, அத்தை!" என்று தேனீக்கள் அவள் மொட்டைத் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. எந்தத் தேனீயும் கீழே போகவில்லை.

பூ உதிர்ந்ததும் பார்த்தால், ஒவ்வொரு விதையிலும் நீளமாக ஒரு நரைமுடி! காற்று வந்து அவற்றைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அப்பால் போனது. எதிர்காற்றில் ஒரே ஒரு விதை திரும்பி வந்து கல்லின்மேல் இறங்கியது.

"அந்தப் பக்கம் நீலமா ஒரு தண்ணி கிடக்கு. அதுக்கு அக்கரையே இல்லை" என்றது.

"அப்படியா!" என்றது கல். துடைப்பத்தோடு வந்த சடைச்சி விதையைக் கூட்டித் தள்ளாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று முதல்தான் அந்தக் கொடியின் விதைக்கு நரைமுடி. அதை நடுகிறவர்கள் அடியில் ஒரு தட்டைக்கல்லை வைப்பதும் அன்று முதல்தான். அந்தக் கல்லின்மேல் விதை வந்து உட்கார்ந்தால் யாரும் கூட்டித் தள்ளுவதில்லை, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.