கல்லுக்குப் போட்ட திரை

குளிப்பாட்டும்போது சடையாண்டி கல் தரையில் விழுந்தார். நெற்றி பிளந்தது.

அன்றிலிருந்து சாப்பிட மறுத்தார். ஊட்டிய கஞ்சி உதட்டோரம் வழிந்தது. இப்படியே போனால் நாலு நாள் தாங்கமாட்டார்.

பக்கவாதம். பேச்சு போய், மடத்து நோயாளிக் கூடத்தில் கிடந்தார். பார்த்துக்கொண்டவர் திருவம்பலம். குருவைவிட வயதில் மூத்த சீடர். குருவிடம் போய் முறையிட்டார்.

"உதறுகிறார், சாமி. அசைய வருவது ஒரு கைதான். அதையும் கட்டிவிட்டால் விழமாட்டார்."

"எங்கே வைத்துக் குளிப்பாட்டினீர்?"

கிணற்றடியில் என்றார் திருவம்பலம். தண்ணீர் சுமக்க வேண்டாம் பாருங்கள். எதிரே மதியச் சோற்றுக்கு வரிசை நிற்கும். வேட்டியை உருவியதும் வரிசையில் முதலில் நின்ற பிச்சைக்காரி, "மாப்பிள்ளைக்கு நலங்கா, சாமி?" என்றாளாம். வரிசையே சிரித்ததாம். அப்போதுதான் அவர் உதறினாராம்.

"நினைவே சரியில்லாதவர், சாமி. அவருக்கென்ன வெட்கம்?"



பூசை நேரம் வந்தது. முருகனுக்கு அபிஷேகம் முடித்து, வஸ்திரம் சாத்தத் திருவம்பலம் திரையை இழுத்தார். குரு திரையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, ஆட்கள் பார்க்கிறார்கள்."

"கல்தானே. அதற்கென்ன வெட்கம்?"

திருவம்பலம் காலில் விழுந்தார். கண்ணீர் விட்டார். சாயங்காலத்துக்குள் அந்தப் பதில் மடம் முழுக்கப் பரவிவிட்டது. ஆகா என்றார்கள். குரு சாப்பிடப் போனார்.

மறுநாள் சடையாண்டியைத் தூக்கிப் போனார்கள்.

எங்கே? கிணற்றடிக்குத்தான்.

இவரை மறைக்கத் திரை தைக்கச் சொல்லியாகிவிட்டது, பட்டில், என்றார் திருவம்பலம். அது வரும்வரை மனுஷன் நாறிக்கொண்டா கிடப்பார் என்றும் கேட்டார்.

வேட்டியில் கை வைத்தார். சடையாண்டி வருகிற கையால் அதை இறுக்கிப் பிடித்தார். நரம்பு புடைத்தது. வரிசை வேடிக்கை பார்த்தது.

நலங்கு என்று சிரித்த பிச்சைக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கிணற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள்.

"திரும்புங்கடா. சோறு எங்கேயும் ஓடிப்போகாது."

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கிணற்றடியைச் சுற்றி முதுகுகள் மட்டும்.

சடையாண்டியின் விரல்கள் வேட்டியை விட்டன. அன்று கஞ்சி உள்ளே போயிற்று.

குருவின் பதிலை மடத்தில் இன்றும் சொல்கிறார்கள். பட்டுத் திரை இன்னும் வரவில்லை. முதலில் திரும்பி நின்றவள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆராயி.