அக்கரைச் சபையில் ஒரு கேள்வி

"ரீச்சர், பிள்ளையளை நல்ல குடிமக்களா வளர்க்கிறது ஆரின்ரை பொறுப்பு? நாட்டின்ரையா, ஐரோப்பாவின்ரையா?"

சபேசன் இதைக் கேட்டபோது சாம்பவி ரீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

சபேசன் ஓர் ஐரோப்பிய நாட்டின் தலைநகரத்தில் கல்வி அமைச்சின் அதிகாரி. குடிமைக் கல்விப் பாடத்தை இனி யார் எழுதுவது என்று அங்கே பெரிய இழுபறி. நாடுதான் எழுத வேண்டும் என்றார்கள் ஒரு பகுதியார். ஐரோப்பா முழுவதற்கும் ஒரே பாடம் வேண்டும் என்றார்கள் மறுபகுதியார். அடுத்த வாரம் அமைச்சரின் முன்னால் சபேசன் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அவருக்கோ இரண்டு பக்கத்து நியாயமும் சரியாகவே பட்டது.

அப்போதுதான் இந்த எல்லையூர்ப் பள்ளியைப் பற்றி ஒருவர் சொன்னார். ஊரை ஒட்டி ஓடும் ஆறே எல்லை. அக்கரை வேறு நாடு. இரண்டு கரைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து படிக்கிறார்கள். அவர்களுக்குக் குடிமைக் கல்வி கற்பிப்பவர் ஒரு தமிழ்ப் பெண்.

அமைச்சுக்குக் காரணம் சொல்லாமல் லீவு எடுத்துக்கொண்டு வந்தார் சபேசன். சாம்பவி அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அதை அவர் பொருட்படுத்தவில்லை. பின்வரிசை வாங்கில் மாணவனாகவே உட்கார்ந்தார்.

வகுப்பில் ஒரு விஷயம் அவருக்கு வியப்பாக இருந்தது. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு ரீச்சர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. "இதை யாரிடம் கேட்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பார். பிள்ளைகள் யோசிப்பார்கள். பிறகு உண்மையாகவே போய்க் கேட்டுவிட்டு வருவார்கள்.

இன்று அவரும் கேட்டுவிட்டார்.

ரீச்சர் கையில் படிந்த சுண்ணத்தூளைத் தட்டினார்.

"அண்ணை, பின்னேரம் அக்கரையிலை ஊர்ச்சபை கூடுது. நாங்கள் போறம். வாறியளோ?"

"நான் கேட்டதுக்கு..."

"பாலத்திலை காத்து அடிக்கும். ஜாக்கெட்டைப் போடுங்கோ."

*

போகும் வழியில் விஷயம் தெரிந்தது.

அக்கரை ஊருக்கு மேலே ஒரு மதகு இருக்கிறது. மழை கூடினால் அதைத் திறப்பார்கள். திறப்பதற்கு முன் அந்த ஊரில் சங்கு ஊதும், எல்லாருடைய தொலைபேசிக்கும் எச்சரிக்கை போகும். இக்கரைக்கு ஒன்றும் வராது. இக்கரை வேறு நாடு.

போன வசந்தத்தில் அப்படித்தான் திறந்தார்கள். இக்கரையில் ஆற்றோரத் தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். தண்ணீர் வந்ததை அவர் காணவில்லை. ஒரு மரக்கொப்பைப் பிடித்துத் தொங்கியவரைத் தீயணைப்புப் படை வந்து மீட்டது. கால் இன்னும் சரியாகவில்லை.

அவருடைய மகள் இவோனா, ரீச்சரின் வகுப்பில் படிப்பவள். அவள் வகுப்பில் கேட்டாள்: "எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

ரீச்சர் வழக்கம்போல, அதை யாரிடம் கேட்க வேண்டும் என்றார்.

பிள்ளைகள் இக்கரை ஊர்ச்சபையில் கேட்டார்கள். மதகு பக்கத்து நாட்டுடையது, எங்கள் அரசைக் கேளுங்கள் என்றார்கள். அரசைக் கேட்டார்கள். எல்லை ஆறுகள் ஐரோப்பிய விவகாரம் என்றது அரசு. ஐரோப்பிய அலுவலகத்தைக் கேட்டார்கள். மிக மரியாதையான பதில் வந்தது. இது உள்ளூர் விஷயம் என்றிருந்தது.

சபேசன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"இவ்வளவு நடந்தபிறகும் பிள்ளையள் சலிக்கேல்லையா?"

"அழுததுகள். பிறகு மதகு ஆரின்ரை கையிலை இருக்கோ அவையளையே கேப்பம் எண்டதுகள்."

பிள்ளைகள் முன்னால் நடந்தார்கள். இவோனாவும் லெயாவும் ஒரே குடையில். லெயா அக்கரைக்காரி.

"ரீச்சர், ரெண்டு பாடப் புத்தகமும் நீங்கள் பாவிச்சிருக்கிறியள். எங்கடை அமைச்சின்ரையும், ஐரோப்பாக்காரர் அனுப்பினதும். எது நல்லது?"

"எங்கடையது கதவு எங்கை இருக்கெண்டு சொல்லுது. மற்றது ஆரைக் கூட்டிக்கொண்டு உள்ளை போகலாம் எண்டு சொல்லுது."

"அப்ப ரெண்டையும் ஒரே புத்தகமாக்கினால்?"

ரீச்சர் நின்றார். "கவனம் அண்ணை, படி வழுக்கும்" என்றார்.

*

சபை மண்டபம் சிறியது. மேடையில் மேயரும் உறுப்பினர்களும். அவர்களுக்கு எதிரே ஊர்மக்கள்.

மேயர் வயதான மனிதர். கடுமையானவர் இல்லை, ஆனால் விதியை மீறாதவர். பிள்ளைகளைப் பார்த்ததும் சொன்னார்: "வரவேற்கிறோம். ஆனால் இங்கே பேசும் உரிமை இந்த ஊரில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான்."

இவோனா எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை மடித்தாள். அவள் முகம் சிவந்துபோயிற்று.

சபேசன் ரீச்சரின் பக்கம் சாய்ந்தார். "நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லலாமே?"

"நான் கதைச்சால் அதுகள் என்னத்துக்கு வந்ததுகள்?"

அப்போது லெயா கையை உயர்த்தினாள்.

"நான் இந்த ஊரில் வசிக்கிறேன். ஆலைத் தெருவில்."

"சரி, பேசு."

லெயா எழுந்தாள். இவோனாவின் பக்கம் குனிந்தாள். இவோனா அவளுடைய காதில் எதையோ சொன்னாள். லெயா நிமிர்ந்து சொன்னாள்:

"என் அப்பா தோட்டத்தில் நின்றார். அவருக்குச் சங்கு கேட்கவில்லை."

மண்டபத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். லெயாவின் அப்பா இரண்டாம் வரிசையில்தான் இருந்தார்.

லெயா மறுபடி குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"அவர் சத்தம் போட்டாராம். தண்ணீரின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நான் வீட்டில் சாப்பாட்டு மேசையை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அவருக்கும் கோப்பை வைத்தேன்."

அவள் குரல் லேசாக உடைந்தது. அது எந்தப் பிள்ளையின் குரல் என்று சபேசனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மதகைத் திறக்க வேண்டாம் என்று கேட்கவில்லை. திறக்கும்போது எங்களுக்கும் சொல்லுங்கள். அவ்வளவுதான்."

அவள் உட்கார்ந்தாள். இவோனா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைத் துடைத்தாள்.

சபேசன் ரீச்சரைப் பார்த்தார். எத்தனையோ வகுப்பறைகளைப் பார்வையிட்டவர் அவர். இப்படி ஒரு பாடத்தை எங்கும் பார்த்ததில்லை. ரீச்சரோ எதையும் செய்தவர் போல இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் போலவே மேயரின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

மேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கும் மகள் இருக்கிறாள்" என்றார். "ஆனால் ஒரு நாட்டுக்கு எச்சரிக்கை கொடுப்பதென்றால் அந்த நாடு கேட்க வேண்டும். இதுவரை உங்கள் அரசிடமிருந்து ஒருவர்கூட எங்களிடம் கேட்கவில்லை." மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "அந்த அரசின் ஆள் யாராவது இங்கே இருந்தால் சொல்லட்டும்."

அவர் அதைக் குத்தலாகத்தான் சொன்னார். யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

சபேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் கல்வி அமைச்சு. ஆறு வேறு அமைச்சு. அயல்நாட்டு விவகாரம் இன்னொரு அமைச்சு. வேறொரு நாட்டின் சபையில் அரசின் பேரில் வாய் திறந்தால் அடுத்த வாரம் அமைச்சரின் முன்னால் பேசுவதற்கு அவர் அதிகாரியாக இருக்க மாட்டார். இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ரீச்சரின் முகத்தைப் பார்த்தார். அவர் இவரைப் பார்க்கவில்லை. கண்ணால்கூடக் கேட்கவில்லை.

சபேசன் எழுந்தார்.

"நீங்கள் இந்த ஊரில் வசிப்பவரா?" என்றார் மேயர்.

சபேசன் தலையாட்டி மறுத்தார். பேசவில்லை. வரிசையைத் தாண்டி லெயாவிடம் போனார். முழங்காலை மடித்து அவள் அருகே குந்தினார்.

"மகள், எனக்காகவும் சொல்லுவாயா?"

லெயா காதைக் கொடுத்தாள். கேட்டுவிட்டு எழுந்தாள்.

"இவர் இவோனாவின் நாட்டு அரசின் அதிகாரி. பள்ளிகளைப் பார்ப்பவர். மதகு திறக்கும்போது அவர்களுக்கும் சொல்லும்படி உங்களைக் கேட்கிறார்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது.

மேயர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு சபேசனை நெடுநேரம் பார்த்தார். "இப்படிக் கேட்க இவருக்கு அதிகாரம் இருக்கிறதா?"

லெயா குனிந்தாள். சபேசன் சொன்னது ஒரே ஒரு சொல்.

"இல்லை என்கிறார்" என்றாள் லெயா. பிறகு தானாகவே சேர்த்தாள்: "ஆனாலும் கேட்கிறார்."

மேயர் பக்கத்தில் இருந்த மதகுப் பொறுப்பாளரிடம் ஏதோ கேட்டார். அந்த மனிதர் தோளைக் குலுக்கி, ஒரு தொலைபேசி அழைப்புத்தானே என்றார்.

மேயர் பேனாவைத் திறந்தார். லெயாவைத் தாண்டி இவோனாவைப் பார்த்தார்.

"எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்?"

இவோனா அவசரமாக லெயாவின் காதருகே குனிந்தாள்.

"வேண்டாம், பிள்ளை" என்றார் மேயர். "உன்னைத்தான் கேட்கிறேன்."