மேசைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி

நான் சொல்றது அத்தனையும் சத்தியம்ங்க. ஒரு வார்த்தை பொய்யின்னாலும் என் தள்ளுவண்டி மாங்கா பூராவும் இனிச்சுப் போகட்டும்.

திருப்பூர்ல ஒரு ஐஸ்கூலு. கேட்டு முன்னால என் வண்டி. நான் மூணாவதோட நின்னவன். முப்பது வருசமா இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்லயேதான் நிக்கறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பெரிய டீச்சர் தெய்வாத்தாம்மா எங்கிட்ட மாங்கா தின்னுட்டு இருந்தாங்க. மதுமிதா டீச்சர் அழுவாத கொறையா ஓடி வந்துச்சு.

"மேடம், லிப்சா பள்ளிக்கூடத்த விட்டு நிக்கப் போறாளாம்."

லிப்சா ஒன்பதாவது. ஒடிசாப் புள்ள.

"அவங்கம்மா வந்து ரெண்டு வெரலக் கத்திரி மாதிரி ஆட்டிக் காட்டறாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து பனியன் கம்பெனில நூல் பிசிறு வெட்டப் போறாளாம்."

"ஏனாம்?"

"தெரியலையே! வெளியூர்ப் புள்ளைங்கள என்னைத்தானே பாத்துக்கச் சொன்னீங்க? என்ன கொறை வச்சேன்? என் மேசைக்குப் பக்கத்துலயே அவளுக்குத் தனி நாற்காலி. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா புரிஞ்சுதான்னு கேக்கறேன். 'புரிஞ்சுது'ங்கறா. நாலு மாசமா அந்த ஒரு சொல்லுதான். பரீட்சைல வெறும் தாளக் குடுக்கறா."

பெரிய டீச்சர் மொளகாப்பொடி வெரல நக்குனாங்க.

"மாரப்பா, போய் அந்த நாற்காலியத் தூக்கிட்டு வா."

"நானுங்களா? நான் மாங்கா விக்கறவனுங்க."

"தூக்கிட்டு வா."

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல போட்டேன்.

"உக்காரு அம்மிணி"ன்னாங்க பெரிய டீச்சர், மதுமிதா டீச்சரப் பாத்து.

உக்காந்துச்சு. சோத்து மணி அடிச்சுது. எண்ணூறு புள்ளைங்க வெளிய வந்துச்சுங்க.

பெரிய டீச்சர் சத்தமா சொன்னாங்க. "மதுமிதா டீச்சரை யாரும் தனியா விட்றாதீங்க. போறப்ப வாரப்ப விசாரிங்க."

"நல்லாருக்கீங்களா டீச்சர்?"

"சாப்ட்டீங்களா டீச்சர்?"

"தண்ணி வேணுங்களா?"

ஒரு பொடியன் காது கேக்காதவங்ககிட்ட பேசற மாதிரி இழுத்து இழுத்துக் கத்துனான். "பு... ரி... யு... தா... டீச்சர்?"

நானும் ரெண்டு தடவ போய் விசாரிச்சேன். சும்மா இருக்க முடியுங்களா?

மொத அம்பது பேருக்கு மதுமிதா டீச்சர் சிரிச்சுது. அப்புறம் தலை குனிஞ்சுது. சீலத் தலப்ப முறுக்குச்சு. "நல்லாருக்கேன், நல்லாருக்கேன், போங்க."

மறுபடி மணி அடிச்சுது. பெரிய டீச்சர் வந்து, அத்தன பேருக்கு முன்னால குனிஞ்சு கேட்டாங்க.

"புரிஞ்சுதா அம்மிணி?"

தலையத் தூக்காம சொல்லுச்சு. "புரிஞ்சுது."

சொன்ன சொல்லு அது காதுலயே விழுந்துச்சாட்ட இருக்குது. வெடுக்குனு நிமிந்து பாத்துச்சு.

பெரிய டீச்சர் அங்க இல்ல.

அந்த நாற்காலிய மதுமிதா டீச்சரே தூக்கிட்டுப் போய் ஸ்டோர் ரூம்ல போட்டுச்சு.

அன்னிக்கு மத்தியானம் லிப்சா மூணாவது பெஞ்சுல, சங்கவி பக்கத்துல உக்காந்தா. சங்கவின்னா வாயாடி. தூங்கறப்பகூடப் பேசுவா.

சாயங்காலம் ரெண்டும் என் வண்டிகிட்ட வந்துச்சுங்க. காரத்துல லிப்சாவுக்குக் கண்ணுல தண்ணி.

"ஏய் ஒடிசா, தாங்க மாட்டியா?"ன்னு சங்கவி சீண்டுனா.

லிப்சா இன்னொரு கை மொளகாப்பொடிய அள்ளிப் போட்டுத் தின்னா.

திங்கக்கிழமை. மணி அடிச்சு இருவது நிமிசம் ஆச்சு. என் வண்டிகிட்டேர்ந்து ஜன்னல் வழியாப் பாத்தா மூணாவது பெஞ்சு காலி. மதுமிதா டீச்சர் அஞ்சு தடவ வாசல எட்டிப் பாத்துச்சு. முகத்துல ரத்தமே இல்ல.

அப்பத்தான் ரெண்டும் மூச்சு வாங்க ஓடுச்சுங்க.

"ஏண்டி லேட்டு?" லிப்சாவ அந்த டீச்சர் அதட்டுனது அன்னிக்குத்தான்.

லிப்சா நேரா கண்ணப் பாத்தா.

"பஸ்சு வரல டீச்சர்."

அவ வாயிலேர்ந்து வந்த மொத முழுத் தமிழ்ப் பேச்சு. அவ வீடு என் வண்டிக்கு எதுத்த சந்துல. அதுவரைக்கும் என் வண்டிக்குப் பின்னால மாங்கா தின்னுட்டுத்தான் இருந்தா.

மதுமிதா டீச்சர் போர்டப் பாத்துத் திரும்பிக்கிச்சு. அப்புறம் கத்துச்சு.

"ரெண்டு பேரும் வெளிய நில்லுங்கடி!"

வராண்டாவுல ரெண்டும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கற சத்தம் என் வண்டி வரைக்கும் கேட்டுச்சுங்க.

அவ்வளவுதான். ஓசிலயா கதை கேட்டீங்க? ஆளுக்கு ரெண்டு கீத்து மாங்கா வாங்காம ஒருத்தரும் நகரக்கூடாது. புரிஞ்சுதான்னு மட்டும் நான் கேக்கவே மாட்டேன்.