இடிமுழக்கம் செட்டு மேளம் பதிந்த கதை

ஊசிக்காட்டான்குளத்து 'இடிமுழக்கம்' நையாண்டி மேளத்தில் ஆள் மூன்று. மூளை எவ்வளவு என்று யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. நாதஸ்வரம் பலவேசம், அவர்தான் தலைவர். தவில் உச்சிமாகாளி. உறுமி கொம்பையா. வாசிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. வாசிக்காத நேரத்தில்தான் சங்கடம்.

பலவேசத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. மாமனார் ஊரான மேலப்பனங்குளத்து அம்மன் கொடையில் ஒருமுறையாவது வாசித்துவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறார். விழாக் கமிட்டித் தலைவர் வேறு யாருமில்லை, மச்சான் தளவாய்தான். ஆனால் தங்கை புருஷன் என்று தாட்சண்யம் பார்க்கிற மனுஷரில்லை.

"மாப்ள, ஊர்ல நாலு பேருக்கு நான் பதில் சொல்லணும். உங்க மேளத்தைப் பதிஞ்சு அனுப்புங்க. கமிட்டி கேட்டுட்டுச் சொல்லும்" என்று முடித்துவிட்டார். அன்று பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. மாமனார் ஊரில் கிடைக்காத மரியாதை வேறெங்கே கிடைத்து என்ன?

ஒலிப்பதிவுக் கூடம் நாகர்கோவிலில் இருந்தது. புறப்படும்போது மனைவி சொர்ணம், "போற வழியில நல்லா வாசிச்சுப் பழகிட்டுப் போங்க" என்றாள். பழகினார்கள், பஸ்ஸுக்குள்ளேயே. கண்டக்டர் அடுத்த ஊரில் இறக்கிவிட்டார். அடுத்த பஸ்ஸில் ஏறி விட்ட இடத்திலிருந்து பழகினார்கள். அந்தக் கண்டக்டரும் இறக்கிவிட்டார். இப்படி ஊர் ஊராக இறங்கி நாகர்கோவில் போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

பலவேசம் வீட்டுக்குப் போன் போட்டு, "சுற்றுப்பயணம் பிரமாதமாப் போகுது சொர்ணம். ஒரு ஊர்க்காரனும் நம்மளைச் சும்மா தாண்டிப் போக விடல" என்றார்.

ஒலிப்பதிவு செய்கிற செல்வின் பொறுமைசாலி. அறை நடுவில் மைக்கை நிறுத்தி, "இதுக்கு முன்னால நின்னு வாசிங்கண்ணே. அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார்.

மூவரும் நின்றார்கள். நாதஸ்வரம் வாய்வரைக்கும் போனது, சத்தம் வரவில்லை. தவில்காரர் கை ஓங்கியது, ஓங்கியபடியே நின்றது. இவர்கள் ஜென்மத்தில் நின்று வாசித்ததில்லை. சப்பரம் நகரும், அதற்கு முன்னால் இவர்கள் நகர்வார்கள். பஸ்ஸில் வண்டியாவது ஓடியது. கால் நின்றால் இவர்களுக்குக் கையும் நின்றுவிடும்.

"சாமி நகராம மேளம் எப்படிவே நகரும்?" என்றார் உச்சிமாகாளி.

"இங்க சாமி எங்க இருக்கு?" என்றார் கொம்பையா.

பலவேசம் மைக்கை ஏற இறங்கப் பார்த்தார். "இது முன்னால வரதுக்குச் செருப்பை வாசல்லயே கழட்டச் சொன்னாங்க. சத்தம் போடாதீங்கன்னு செவுத்துல எழுதி வச்சிருக்கு. எல்லாரும் இதைப் பாத்துத்தான் நிக்கோம். அப்போ இது யாருங்கேன்?"

மற்ற இருவருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கொம்பையா தன் துண்டை மைக்குக்குப் பட்டாகச் சாத்தினார். செல்வின் ஓடி வந்து மைக்கைப் பறித்துக் கையில் பிடித்துக்கொண்டதுதான் தாமதம், சாமி தூக்க ஆள் வந்துவிட்டதென்று மேளம் கிளம்பிவிட்டது. அறையோ சின்னது. இவர்கள் சுற்ற, பின்னால் "அண்ணே, அண்ணே" என்று செல்வின் சுற்ற, மைக்கின் வயரும் கூடவே சுற்றி, கடைசியில் மூன்று பேரையும் ஒரே கட்டாக முழங்காலோடு கட்டிவிட்டது.

கட்டுக்குள்ளும் கால் நடக்கத்தான் பார்த்தது. அதனால் கை நிற்கவில்லை. மேளம் அப்படியே பொழிந்தது. அவிழ்க்கப் போன செல்வின் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மைக்கை மெதுவாகத் தாங்கியில் வைத்துவிட்டு, பூனை மாதிரி நடந்துபோய்ப் பொத்தானை அமுக்கினார்.

எல்லாம் முடிந்த பிறகு, "கேட்டுப் பாக்கீங்களாண்ணே?" என்றார்.

"நாங்க வாசிச்சதுதான தம்பி. எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு மூவரும் ஊர் திரும்பினார்கள்.

பதிவைக் கேட்ட கமிட்டிக்குப் பரம திருப்தி. "கொடைக்கு வந்திருங்க மாப்ள" என்று தளவாயிடமிருந்து தகவல் வந்தது. பலவேசம் புது வேட்டி எடுத்தார். சொர்ணம் முதல் நாளே பிறந்த வீட்டுக்குப் போய் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள்.

கொடையன்று மேலப்பனங்குளத்து எல்லையில் கால் வைத்ததும் மேளச் சத்தம் கேட்டது. பலவேசம் தலையில் கை வைத்தார்.

"மச்சான் கழுத்தறுத்திட்டாரு. வேற செட்டு வந்திருக்கு."

"எங்கவே வாசிக்கான்?" என்றார் கொம்பையா.

"அந்தா, புளியமரத்து மேல."

"தவிலைக் கட்டிக்கிட்டு மரத்துல ஏறியிருக்கான்னா லேசுப்பட்ட ஆளு இல்ல" என்றார் உச்சிமாகாளி.

கொம்பையா காதைக் கூர்மையாக்கினார். "அடிக்கிறது பூராவும் நம்ம அடி. நடுவுல மூச்சு முட்டி நீரு கீச்சுன்னு ஒண்ணு விடுவீரே, களவாணிப் பய அதைக்கூட விட்டுவைக்கல."

பலவேசத்தின் கண் கலங்கிவிட்டது. அழுது என்ன செய்ய, போட்டிக்கு நிற்பதென்று முடிவானது. புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். மேலே இருப்பவன் தண்ணீர் குடிக்கவில்லை, வெற்றிலை போடவில்லை, முடித்த கையோடு முதலிலிருந்து ஆரம்பித்தான். பொழுது சாய்கையில் மூவரும் வேரில் சாய்ந்துவிட்டார்கள். தோற்ற மேளம் ஜெயித்த மேளத்துக்குத் துண்டு போர்த்துவது முறை. பலவேசம் தன் துண்டை மரத்துக்குக் கட்டினார்.

தேடி வந்த தளவாய் தலையில் அடித்துக்கொண்டார். "மாப்ள, அது நீங்க பதிஞ்சு அனுப்பினதுதான்! நீங்க வர்ற வரைக்கும் மரத்துல ஸ்பீக்கர் குழாயைக் கட்டிப் போட்டு வச்சேன்." ஆளைவிட்டு அணைத்ததும் மரம் அமைதியானது.

"அப்போ நாமளா இவ்வளவு நல்லா வாசிச்சது?" என்றார் பலவேசம்.

"பின்ன நம்மகிட்டயே நாம ஏன் தோத்தோம்?" என்றார் உச்சிமாகாளி.

மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள். கொம்பையாவுக்குத்தான் பொறி தட்டியது. "அன்னைக்குக் கட்டிப் போட்டிருந்துது. இன்னைக்கு அவுத்து விட்டிருக்கு."

"மச்சான், பந்தல்காரர்கிட்ட நல்ல கயிறா ஒண்ணு வாங்கியாங்க" என்றார் பலவேசம்.

சப்பரம் கிளம்பும் நேரம். தளவாய் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் கயிறு வந்தது. மூவரையும் புளியமரத்தோடு சேர்த்து முழங்காலில் இறுக்கிக் கட்டியதும் மேளம் எழுந்தது பாருங்கள், ஊரே வாய் பிளந்து நின்றது. மேளமில்லாமல் சப்பரம் வீதிக்குப் போகாது. மரத்தை விட்டு மேளம் வராது. அம்மனைக் காக்க வைக்க முடியுமா?

சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து புளியமரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

மூச்சு வாங்கும் இடம் வந்ததும், பலவேசம் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூட்டத்தில் நின்ற சொர்ணத்தைப் பார்த்தார்.

"பாத்தியாட்டி! உங்க ஊர்ல உங்கண்ணன் மதிக்காட்டா என்ன? சாமியே நம்மளைச் சுத்தி வருது!"