ஒரு செம்புத் தண்ணீரின் எடை

பித்தளைப் பாத்திரம் விற்கிறவர்களுக்குத் தராசின் மேல் ஒரு தனி பக்தி உண்டு. மாசிலாமணிக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. வாங்க வருகிறவன் பொய் சொல்லலாம், வேலைக்கு இருக்கிறவன் பொய் சொல்லலாம், தராசு சொல்லாது என்பார். கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு அவருடையது. எழுந்து நிற்க மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காக அவர் வெட்கப்பட்டதும் இல்லை, கவலைப்பட்டதும் இல்லை, அக்காவுக்கு ஈரல் கெட்டுப்போகும் வரை.

அக்கா பெயர் மரகதம். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்தே வளர்த்தவள். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனாலும் ஈரல் கெட்டுவிட்டது. இன்னொருவர் ஈரலிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். உறவில் தேடியதில் பொருந்தியது தம்பியின் ஈரல் மட்டும்தான். ஆனால் அவருடைய ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல்லயே கொழுப்பு அடைச்சுக்கிட்டு இருக்கு. இதுல கைவச்சா ரெண்டு பேருக்கும் ஆபத்து. நல்லா இளைச்சுட்டு வாங்க, பார்க்கலாம்."

எவ்வளவு இளைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"எத்தனை நாளுக்குள்ள டாக்டர்?"

"சீக்கிரம்," என்றார் அவர்.

மாசிலாமணி அன்றைக்கே இனிப்பை விட்டார், வறுவலை விட்டார், ராத்திரிச் சோற்றை விட்டார். விடியும்போதே ஆற்றங்கரையில் நடந்தார். எடை பார்க்க மட்டும் ஆஸ்பத்திரி மெஷினை அவர் நம்பவில்லை. அவர் தீட்சை வாங்கிய மடத்துக் கோயிலில் ஒரு துலாபாரம் இருந்தது. வேண்டிக்கொண்டவர்கள் ஒரு தட்டில் உட்கார, மறு தட்டில் அவர்கள் எடைக்கு எடை வெல்லமோ வாழைப்பழமோ வைத்துச் சாமிக்குக் கொடுக்கிற பெரிய தராசு. சந்நிதிக்கு நேராகத் தொங்குகிற தராசு எப்படித் தப்புக் காட்டும்? தினமும் காலைப் பூசை முடிந்ததும் அவர் ஒரு தட்டில் உட்காருவார். கோயில் காவலாளி மறு தட்டில் எடைக்கல் வைப்பார்.

ஆரம்பத்தில் கற்கள் மளமளவென்று குறைந்தன. மாசிலாமணி பூரித்துப்போனார். சட்டை தொளதொளத்தது. ஆண்டவனே தன் எடையைக் கையால் எடுத்துக்கொள்கிறான் என்று நினைத்தார். அந்த நினைப்பில்தான் வினை இருந்தது.

ஏனென்றால் பிறகு கற்கள் குறையவில்லை. அதே சாப்பாடு, அதே நடை. ஒரு நாள் சிறிய கல் ஒன்று குறையும், மறுநாள் அதே கல் திரும்பித் தட்டில் ஏறும். ஒரு காலை, முன்பு இல்லாத ஒரு கல்லைக் கூடுதலாக வைக்க வேண்டி வந்தது. காவலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வைப்பா," என்றார் மாசிலாமணி.

வீட்டில் மரகதத்தின் கண் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

மடத்துத் தலைவர் பொன்னம்பல சாமி மாசிலாமணியைவிட வயதில் சின்னவர். முன்பிருந்த சாமியிடம் தீட்சை வாங்கிய மாசிலாமணிக்கு, இவரைக் கும்பிடும்போதெல்லாம் இவருக்கு என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது என்று மனதின் ஒரு மூலையில் தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை. காலில் விழுந்தார்.

"நான் என்ன பாவம் பண்ணினேன் சாமி?"

"பாவம் பண்ணினீங்கன்னு யார் சொன்னா?"

"தராசு சொல்லுது. குறைஞ்சுகிட்டு வந்த கல்லு நின்னுபோச்சு. இன்னைக்கு ஏறிடுச்சு. அக்காவுக்கு நான் குடுக்கறதை ஆண்டவன் வேண்டாங்கறான்."

சாமி எழுந்து கோயிலுக்கு நடந்தார். மாசிலாமணியை மறுபடி தட்டில் உட்கார வைத்தார். காவலாளி கல் வைத்தார். இரண்டு தட்டும் சமமாக நின்றன. சாமி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"குடிங்க."

"தட்டுல இருந்துகிட்டேவா?"

"இருந்துகிட்டே."

மாசிலாமணி குடித்துவிட்டுக் காலிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவர் உட்கார்ந்திருந்த தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

"இந்தச் செம்புக்குள்ள எவ்வளவு பாவம் இருந்துச்சு மாசிலாமணி?"

மாசிலாமணி இறங்கிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்தது.

"புரிஞ்சுது சாமி," என்றார்.

சாமியும் அப்படித்தான் நினைத்தார்.

ஆனால் மாசிலாமணிக்குப் புரிந்தது வேறு. மறுநாளிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதை விட்டார். நாக்கை நனைக்க மட்டும் ஒரு மடக்கு. உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்தார். தெருவில் பார்த்தவர்கள் பாவம், அக்கா கவலையில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது முழுக்கப் பொய்யும் இல்லை. கற்கள் மட்டும் குறைந்தன. ஒவ்வொரு கல்லைக் காவலாளி எடுக்கும்போதும் மாசிலாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். டாக்டர் சொன்ன எடை வந்தது. அன்றைக்கே வண்டி பிடித்து அக்காவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வாசலில் அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கப் போனவர், அவள் காலைத் தரையில் வைப்பதற்கு முன்னால் தான் விழுந்தார். எழுந்து நிற்கவே தெம்பில்லாத மரகதம்தான் கீழே உட்கார்ந்து அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள்.

டாக்டருக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"எடை குறைஞ்சிருக்கு, சரி. போனதெல்லாம் தண்ணி. ஈரல்ல கொழுப்பு போன தடவை இருந்ததுக்கு இப்ப கொஞ்சம்தான் கரைஞ்சிருக்கு. இதுல கிட்னி வேற காய்ஞ்சு கிடக்கு. இந்த நிலைமையில உங்களை நான் தொட மாட்டேன். ஒழுங்கா தண்ணி குடிங்க, பத்தியமா சாப்பிடுங்க, நடங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க."

"ஒரு மாசம் அக்கா..."

டாக்டர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். தாளின் பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

மாசிலாமணிக்குக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது மரகதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயிறு வீங்கியிருந்ததால் அவளால் குனிய முடியவில்லை.

"தண்ணி குடிக்காம கிடந்தியாடா? யாருடா உனக்கு இதைச் சொன்னா?"

மாசிலாமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மடத்துக்கு வந்தவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சாமியின் முகம் கறுத்தது.

"நீங்க என்ன புரிஞ்சுகிட்டீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்," என்றார்.

பிறகு சாமி கேட்டார்.

"அக்கா எடை எப்படி இருக்கு?"

"போன வாரம் ஏறிடுச்சு சாமி. வயித்துல நீர் கோத்துகிட்டுது. ஊசி குத்தி எடுத்தாங்க, குறைஞ்சுது. இப்ப மறுபடி கோத்திருக்கு."

"ஏறினப்போ அக்கா தேறிட்டாங்கன்னு சந்தோஷப்பட்டீங்களா?"

"எப்படி சாமி சந்தோஷப்படுவேன்? ஏறினது வெறும் தண்ணியில்ல?"

சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழ மாசிலாமணிக்குச் சற்று நேரம் பிடித்தது. விழுந்ததும் தலை குனிந்தார்.

"இனிமே அந்தத் தராசுப் பக்கமே போக மாட்டேன் சாமி."

"ஏன், அது என்ன பண்ணுச்சு? போங்க. எப்பவாவது ஏறிப் பாருங்க. எடையை மட்டும் அதுகிட்ட கேளுங்க."

மாசிலாமணி போகவில்லை. உட்கார்ந்தே இருந்தார். மேல்துண்டின் முனையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"நிஜமான கொழுப்பு ரொம்ப மெதுவாத்தான் கரையுமாம் சாமி. இளைக்க இளைக்க உடம்பு கொஞ்சச் சாப்பாட்டுலயே காலத்தை ஓட்டக் கத்துக்குமாம். எல்லாம் சரியாப் பண்ணினாலும் நாள்கணக்கா அசையாம நிக்குமாம். டாக்டர் சொல்றார். நான் இப்படி அங்குலம் அங்குலமா நகர்ந்துகிட்டிருக்கேன். அக்கா அதுவரைக்கும் இருப்பாளா?"

"தெரியாது."

"ஒரு ஆறுதலுக்காவது..."

"தெரியாது மாசிலாமணி."

மாசிலாமணிக்கு ஆத்திரம் பொங்கியது. மடத்தில் யாரும் சாமி முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அவர் உயர்த்தினார்.

"அப்ப எதுக்கு சாமி இதெல்லாம்? நான் பட்டினி கிடக்கறேன். முட்டி தேயத் தேய நடக்கறேன். ஒரு அசைவும் தெரிய மாட்டேங்குது. நாளைக்கு அவ போய்ச் சேர்ந்துட்டா இந்த உடம்பு இளைச்சு யாருக்கு ஆகணும்? நடக்குமான்னு தெரியாத ஒண்ணுக்காக நான் ஏன் தினமும் விடியறதுக்குள்ள எழுந்து ஓடணும்?"

சாமி அவரைத் தடுக்கவில்லை. மாசிலாமணி பேசி முடித்து, மூச்சு வாங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார்.

"இன்னைக்குக் காலையில அக்காவுக்கு மருந்து குடுத்தது யாரு?"

"நான்தான்."

"குடிச்சாங்களா?"

"பாதியை வாந்தி எடுத்துட்டா. தொடச்சுவிட்டு, கொஞ்ச நேரம் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, மறுபடி குடுத்தேன்."

"அதுல அவங்க கொஞ்சமாவது தேறின மாதிரி தெரிஞ்சுதா?"

"இல்ல சாமி."

"நாளைக்கு இருப்பாங்கன்னு யாராவது உறுதி சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்னே ஏன் மறுபடி குடுத்தீங்க?"